குப்பை என்னும் சொல்



ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றிலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்குவதே முறை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. விடுமுறை நாட்களை எவ்வாறு கழித்தீர்கள் என்று ஆங்கிலத்தில் பத்து வரிகள் எழுதி வரும்படி எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கூறியிருந்தேன். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து படித்த பையன் ஒருவன் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: ‘என் தந்தையார் பன்னிரண்டு வண்டி ரப்பிஷ் விலைக்கு வாங்கினார். நாங்கள் எல்லோரும் அதை எங்கள் நிலத்தில் பரப்பினோம். என் தாயாருக்கு மிகுந்த மகிழ்ச்சி.’

‘ரப்பிஷ்’ என்றால் குப்பை. குப்பையை விலை கொடுத்து வாங்குவார் உண்டோ? வாங்கியதைத் தம் நிலத்திலேயே கொட்டுவார் உண்டோ? கொட்டியதைக் கண்டு மகிழும் தாய்தான் உண்டோ? நகரத்துத் தெருவில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு மையால் அந்தச் சொல்லை வட்டமிட்டேன். கட்டுரையின் அடியில் அதே சொல்லை என் மதிப்புரையாக எழுதினேன். போதாக்குறைக்கு வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்பு சிரித்தது. பையன் எழுந்து நின்று, “விலைக்குத்தான் சார் வாங்கினோம். பன்னிரண்டு வண்டி சார்” என்றான். வண்டிக் கணக்கில்தான் எனக்கு ஐயம் என்று அவன் எண்ணிக்கொண்டான் போலும்.

அடுத்த மே மாதம், பள்ளிக்கு மாணவர் சேர்க்கும் பணியாக அவ்வூருக்கு மிதிவண்டியில் சென்றேன். ஊர்ப்புறத்தில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. ஆண்கள் கருகருவென்று மக்கிக் கிடந்த எருவை மண்வெட்டியால் வெட்டிக் கூடைகளில் நிரப்ப, பெண்கள் சுமந்து சென்று வண்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தனர். பையனின் தந்தையார் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தார். “வாங்க சார்வாள்! குப்பை அடிக்கோம். மழைக்கு முந்திப் போட்டாத்தான் காடு வெளயும். இந்த வருசம் காசு குடுத்தாலும் குப்பை கெடைக்க மாட்டேங்கு” என்றார்.

பையன் தவறியது ஓர் ஆங்கிலச் சொல்லில். நான் தவறியது தமிழில். பள்ளி அகராதியில் குப்பைக்கு நேரே ‘ரப்பிஷ்’ என்று இருந்தது. அவன் அதை நம்பி எடுத்து எழுதினான். ‘மெனியூர்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியன் கடமை. அந்த ஜூன் மாதம் வகுப்பில் இதனை எடுத்துச் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அதற்குள் ஆண்டு மாறிவிட்டது. சிரித்த வகுப்பு வேறு, திருத்தம் கேட்ட வகுப்பு வேறு.

அன்று முதல் இந்த ஒரு சொல்லின் மேல் எனக்கு ஒரு கண் விழுந்துவிட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அது கடந்து வந்த வழியைச் சிறிது சொல்கிறேன்.

குப்பை என்னும் சொல்லுக்கு முதற்பொருள் அழுக்கு அன்று. குவியல் என்பதே அதன் முதற்பொருள். குவி, குவை, குவியல், குப்பை ஆகிய யாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இரு கைகளையும் ஒன்று சேர்த்து வணங்குகிறோமே, அந்தக் கூப்புதலும் இவற்றிற்கு உறவே. எது குவிந்திருக்கிறது என்பது சொல்லுக்குள் இல்லை. பொன்னும் குவியலாம், நெல்லும் குவியலாம். சங்க நூல்களுள் ஒன்றாகிய நற்றிணையில், உப்பு வாணிகராகிய உமணர் மலைநாட்டுக்குக் கொண்டு சென்று விற்கும் உப்பு, குன்றைப் போன்ற குப்பையாகக் கிடப்பதாக ஒரு புலவர் பாடியுள்ளார். அவர் உப்பை இழிவு செய்யவில்லை. அந்நாளில் உப்பு நெல்லுக்கு நிகராக மாற்றப்பட்ட பண்டம். அதன் குப்பை என்றால் செல்வத்தின் குவியல் என்றே கேட்டவர் பொருள் கொண்டிருப்பர்.

இன்று தூத்துக்குடிப் பக்கம் செல்வோர் சாலையோரத்தில் அதே காட்சியைக் காணலாம். உப்பளங்களின் கரையில் வெண்ணிறக் குன்றுகளாக உப்பு குவிந்து கிடக்கும். ஆனால் அங்கே போய் ‘உப்புக் குப்பை’ என்று சொன்னால் அளத்துக்காரர் முகம் சுளிப்பார். அவருக்கு அது ‘உப்பு அம்பாரம்’. அம்பாரம் என்பது பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல். களத்து நெல்லுக்கும் அம்பாரம் என்பார் உண்டு. பொலி என்பார் உண்டு. நெல்லையும் உப்பையும் விட்டுக் குப்பை வெளியேறிற்று. வெற்றிடத்தில் வேறு சொற்கள் வந்து அமர்ந்தன.

எங்கள் கரிசல் வட்டாரத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தெலுங்கில் ‘குப்ப’ என்றால் இன்றும் குவியல்தான். களத்தில் அடுக்கிய கதிர்ப்போரைக் குப்ப என்பதில் தெலுங்கர் எவருக்கும் கூச்சமில்லை. கழித்துப் போடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘செத்த’. அது நம்முடைய செத்தைதான். காய்ந்த இலையும் தழையும் சுள்ளியும் நமக்குச் செத்தை. அடுத்தடுத்த வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கம் குப்பை அழுக்காகவும் அந்தப் பக்கம் குவியலாகவும் வழங்கிவருவதை, மொழி பயில்வோர் காசு செலவின்றிக் கேட்டு அறியலாம்.

தமிழில் மட்டும் இச்சொல் ஏன் இறங்கிற்று? வீட்டுக்கு வீடு நாள்தோறும் கண்ணிற்பட்ட குவியல் எது என்று எண்ணிப் பாருங்கள். பொற்குவியல் அரசனிடம் இருந்தது. நெற்குவியல் ஆண்டுக்கு ஓரிரு முறை களத்தில் இருந்தது. கொல்லைப்புறத்து மூலையில் சாணமும் சாம்பலும் கூளமும் சேர்ந்த குவியலோ என்றும் இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது. ஆகவே ‘குப்பை’ என்று வாளா சொன்னால் அந்த மூலைக் குவியல் என்று பொருளாயிற்று. பின்னர்க் குவியலின் பெயர் குவியலில் கிடக்கும் பொருளுக்கே ஆயிற்று. இறுதியில் குவியல் என்னும் எண்ணமே சொல்லை விட்டுக் கழன்றுவிட்டது. இன்று தரையில் கிடக்கும் ஒற்றைக் காகிதத் துண்டைக் காட்டி, “அந்தக் குப்பையை எடு” என்கிறோம். ஒரு துண்டு எவ்வாறு குவியலாகும்? குவியலைச் சொல்ல வேண்டுமாயின் ‘குப்பைமேடு’ என்று மேட்டை ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. குவியல் மேடு என்று இருமுறை சொல்கிறோம். நமக்கு அது தெரிவதில்லை.

பழமொழிகள் மட்டும் பழைய பொருளைச் சற்று நினைவில் வைத்திருக்கின்றன. கோபுரம் தாழ்ந்தது, குப்பை உயர்ந்தது என்பார்கள். உயரம் உடைய பொருளாகக் குப்பையை நினைத்தாலன்றி இந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி நிறம் மாறாது என்பதில், பொற்கொல்லர் எடை பார்க்கும் அந்தச் செவ்விதை ஒரு குவியலுக்குள் புதைந்து கிடக்கிறது. தெருவில் சிதறிய காகிதங்களுக்கிடையே அன்று.

இன்னொரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. “அந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ” என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் உழைத்தவரும், “முப்பது வருஷம் அங்கே குப்பை கொட்டினேன்” என்பார். விடிந்ததும் வாசல் பெருக்கி, தொழுவம் கூட்டி, அள்ளியதைக் கொல்லைக் குவியலில் கொட்டுவது குடும்பத்தின் முதல் வேலை. அந்த வேலையே குடித்தனம் நடத்துவதற்குப் பெயராயிற்று. சலிப்பும் அதில் உண்டு, பொறுமையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இதனை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெயர்களை நாம் மறந்துவிடலாகாது. குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி என்னும் பெயர்களை இன்றைய பிள்ளைகள் கேட்டால் நகைக்கின்றனர். முன்னாளில், பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால், அதனைக் குப்பையில் ஒரு கணம் கிடத்தி எடுத்து இவ்வாறு பெயரிடுவார்கள். இது நாங்கள் போற்றும் பிள்ளை அன்று, வேண்டாமென்று எறிந்தது, இதனை விட்டுவிடு என்று எமனிடம் பொய் சொல்லும் தந்திரம் அது. பிச்சை என்று பெயரிடுவதும் இவ்வகையே. அம்மை நோயும் கழிச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம். தடுப்பூசி எட்டாத ஊர்களில் தாய்மார் கையில் இருந்த காப்பு ஒரு சொல்தான். ஆதலால் வருகைப் பதிவேட்டில் இப்பெயர்களில் ஒன்றைப் படிக்கும்போதெல்லாம், அதற்குமுன் அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் பிழைக்காமல் போயினவோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். நான் அந்தப் பையனின் கட்டுரையில் எழுதிய ‘ரப்பிஷ்’ என்பதன் பிறப்பு என்ன? நார்மானியப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது இடிந்த கட்டடத்தின் கல்லும் காரையும் கிடக்கும் குவியலைக் குறித்தது. கல்லிடிபாட்டைக் குறிக்கும் ‘ரப்பிள்’ என்பது அதன் உடன்பிறப்பு. இடிபாட்டிலிருந்து எல்லாக் கழிபொருளுக்கும் சென்று, பின்னர்ப் பொருளற்ற பேச்சுக்கும் சென்றது. ஒருவர் கூற்றை மறுக்க ‘ரப்பிஷ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது ஆங்கிலேயர் வழக்கம். அதைத்தான் நானும் சிவப்பு மையில் பின்பற்றினேன்.

அமெரிக்கர் மிகுதியும் ஆளும் ‘கார்பேஜ்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையற்குறிப்புகளில் அது கோழியின் தலை, கால், ஈரல், குடல் முதலியவற்றைக் குறித்தது. எறிவதற்காக அன்று, சமைப்பதற்காக. நம் வீடுகளில் ஆட்டுக்குடலும் தலைக்கறியும் விருந்தாக இருப்பது போல் அங்கும் இருந்தது. செல்வம் பெருகி, உறுப்புக் கறியை உண்பது குறைந்த பின்னரே அது எறியப்படும் பொருளாயிற்று. ‘ஜங்க்’ என்பது மாலுமிகளின் சொல். நைந்துபோன பழைய கப்பற்கயிறு அது. அதனை எறிய மாட்டார்கள்; பிரித்து, நார் எடுத்து, கப்பற் பலகைகளின் இடுக்குகளை அடைப்பார்கள். சீனத்துப் பாய்க்கப்பலுக்கும் இதே ஒலியுள்ள பெயர் உண்டு. அது வேறு சொல். இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்ப வேண்டாம். ‘லிட்டர்’ என்பது இலத்தீனத்தில் படுக்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தொழுவத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் பரப்பிய வைக்கோற் படுக்கையாக இருந்து, சிதறிக் கிடக்கும் குப்பையாக முடிந்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இச்சொற்களுள் பல, தம் இளமையில் பயனுள்ள பொருளைக் குறித்தவை. கறியும் கயிறும் வைக்கோலும் நாளடைவில் எறிபொருளாயின. நம் குப்பையும் அவ்வாறே. அவற்றிற்கு எதிர்த்திசையில் சென்ற ஆங்கிலச் சொல்லும் ஒன்று உண்டு. பையன் எழுதியிருக்க வேண்டிய ‘மெனியூர்’ அது. கையால் வேலை செய்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்து, முதலில் நிலத்தைப் பண்படுத்தும் உழைப்பைக் குறித்து, பின்னர் அந்நிலத்தில் இடும் எருவுக்குப் பெயராயிற்று. உழைப்பும் எருவும் ஒரே சொல்லில் கலந்தன. ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எரு இடுதல் நல்லது என்று திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியிருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இலண்டன் மாநகரில் ஒரு காலத்தில் ‘டஸ்ட்’ என்றால் பெரும்பாலும் அடுப்புச் சாம்பல். நிலக்கரி எரித்த வீடுகளிலிருந்து அதனை அள்ளிச் சென்று மலைபோல் குவித்து, சலித்து, செங்கல் சூளைகளுக்கு விற்றுப் பொருளீட்டியோர் உண்டு. அத்தகைய குப்பைக் குவியல்களை மரபுரிமையாகப் பெறும் கதையைத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65-இல் வெளியான தம் கடைசி முழுநாவலில் எழுதினார். குப்பைத்தொட்டிக்கு ஆங்கிலத்தில் ‘டஸ்ட்பின்’ என்று பெயர் வந்ததும் அந்தச் சாம்பலால்தான். நமக்கோ ‘டஸ்ட்’ வேறு வகையில் பழக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் சலித்துத் தரம் பிரிக்கும்போது அடியில் தங்கும் மிக நுண்ணிய தூளுக்கும் அதுவே தரப்பெயர். நம் தேநீர்க் கடைகளில் காலையில் கொதிப்பது பெரும்பாலும் அதுதான். சிவக்கச் சாயம் இறங்குவதும் அதில்தான். நீலகிரியில் விளைந்த ‘தூசி’யைக் குடித்துவிட்டுத்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பொருளைக் குறித்த சொற்கள் இருக்கட்டும். அப்பொருளை அள்ளும் மனிதரைக் குறித்த சொற்கள் பட்ட பாடு பெரிது. ‘ஸ்கேவஞ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல், தொடக்கத்தில் ஒரு நகர அதிகாரியின் பட்டம். வெளியூர் வணிகர் விற்க வைக்கும் சரக்குக்குச் சுங்கம் தண்டுவது அவர் பணி. பின்னர்த் தெருக்களின் தூய்மையைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. சுங்கம் போயிற்று, தெருவே எஞ்சிற்று. இறுதியில் தெருக் கூட்டுபவருக்கு அது பெயராயிற்று. நம் நாட்டில் அதைவிடக் கொடிய வேலைக்கும் அதுவே ஆயிற்று. தமிழில் ‘தோட்டி’ என்னும் சொல்லும் இதே வழியில் இறங்கியது. பழைய கிராம நிர்வாகத்தில் தலையாரியோடு சேர்த்து எண்ணப்பட்ட ஊர்ப் பணியாளர் அவர். பயிரைக் காப்பதும், விளைந்ததை அளக்கும்போது உடனிருப்பதும் அவருடைய கடமைகள் என்று 1812-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கை குறிப்பிடுகிறது. நகராட்சிகள் தோன்றியபின் அச்சொல் மலம் அள்ளுபவரைக் குறிக்கலாயிற்று. 1947-இல் தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழில் தந்த ‘தோட்டியின் மகன்’ நாவலைப் படித்தவர்களுக்கு அவ்வாழ்வின் வெம்மை தெரியும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் அதனினும் விரிவான சட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் தோட்டி என்பது ஏட்டிலிருந்து நீங்கித் துப்புரவுப் பணியாளர் என்றாயிற்று. 2020-இல் தமிழக அரசு அதனையும் மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்றது. நல்ல மாற்றம். ஆனால் துப்புரவு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் தூய்மை என்றும் நுகர்பொருள் என்றும் உயர்ந்த பொருள்கள் உண்டு. அச்சொல்லில் ஒரு குறையும் இல்லை. சொல்லின் மேல் படிந்தது நம் பார்வையின் கறை. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கியவர் மூச்சடைத்து இறந்தார் என்னும் செய்தி நாளிதழில் வரும்வரை, புதிய பெயரும் பழைய பெயரின் வழியே போய்விடுமோ என்னும் அச்சம் எனக்கு உண்டு. பெருக்குபவரை “குப்பைக்காரர்” என்று கூப்பிடுகிறோம். குப்பை நம்முடையது, அவர் அதனை அகற்றுபவர். பெயர் யாருக்குப் பொருந்தும்?

ஆங்கிலத்தின் ‘வேஸ்ட்’ நம்மிடம் வந்து தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வெறுமை, பாழ் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் வேர். பள்ளிக்கூடத்தில், “அவன் சுத்த வேஸ்ட்” என்று மாணவர் ஒருவரையொருவர் தள்ளிவிடும்போது அந்தப் பாழ்நிலம் அப்படியே கேட்கிறது. ஆனால் வாகனம் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்று பாருங்கள். “ஒரு கிலோ பனியன் வேஸ்ட் வாங்கிட்டு வா” என்று பணம் கொடுத்து அனுப்புவார்கள். பின்னலாடை வெட்டுகையில் விழும் துணித்துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்து, எண்ணெய்க் கை துடைக்க விலையாகின்றன. எங்கள் ஊர் விசைத்தறிக் கூடங்களிலும் தறியடியில் சேரும் கழிவு நூலுக்கு விலை உண்டு. ‘கழிவு’ என்னும் தமிழ்ச்சொல்லும் இப்படித்தான். இலங்கைத் தமிழர் கடைகளில் ‘கழிவு’ என்று எழுதியிருந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. விலையில் தள்ளுபடி என்று பொருள்.

இவ்வளவு தூரம் வந்தபின், குப்பை என்னும் சொல்லின் கடைசி வீழ்ச்சி எப்பொழுது நேர்ந்தது என்று கேட்கலாம். நான் அறிந்தவரை அது என் வாழ்நாளிலேயே நேர்ந்தது. பழைய கொல்லைக் குவியலில் விழுந்தவை அனைத்தும் ஓராண்டில் மண்ணாகும் இயல்பின. சாணம், சாம்பல், வாழையிலை, உமி, பனையோலை. அதனால்தான் அந்தத் தந்தையார் பன்னிரண்டு வண்டிக்கு விலை கொடுத்தார். 1933-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாலித்தீன் எதிர்பாராது கிடைத்தது. அது பையாக உருமாறி, 1980-களுக்குப் பின் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. அப்பை விழுந்த குவியல் எருவாகவில்லை. ஏரில் சிக்கிற்று, மாட்டின் வயிற்றில் தங்கிற்று, மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாது தடுத்தது. “இதக் காட்டுல போட முடியாது” என்று உழவர் குப்பையைக் கைவிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் மூட்டை உரமும் எளிதில் கிடைத்தது. வாங்குவார் இல்லாத பொருள் உண்மையிலேயே குப்பையாயிற்று. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாக எழுந்த மேடுகள் அவ்வகையின. அங்கேதான் குப்பை தன் பழைய உயரத்தை மீண்டும் பெற்றது, மதிப்பைப் பெறவில்லை.

பிறகு அரசு விழித்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. மஞ்சள் பையுடன் நகரத்துக்கு வருபவனை நாட்டுப்புறத்தான் என்று எள்ளி நகையாடிய காலத்தை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பையே இன்று விழா மேடையில் வழங்கப்படும் பொருளாயிற்று.

‘மக்கும் குப்பை’, ‘மக்காத குப்பை’ என்னும் இத்தொடர்கள் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ‘மக்கு’ என்பது வகுப்பறையில் பிள்ளைகளின் மேல் எறியப்படும் கற்களுள் ஒன்று. பாடம் ஏறாத பையனுக்கு அது பட்டப்பெயர். நானும் எறிந்திருக்கிறேன். இப்பொழுது நகராட்சி வண்டி தெருவில் வரும்போது, மக்குவதே நல்லது, மக்காததே தொல்லை என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது!

சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் பகுதியில் வீட்டுக் கழிவிலிருந்து உரம் தயாரிக்கும் கூடம் ஒன்றைக் காணச் சென்றேன். சிமெண்டுத் தொட்டிகளில் காய்கறிக் கழிவும் இலையும் பல கட்டங்களில் மக்கிக்கொண்டிருந்தன. கடைசித் தொட்டியில் இருந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தேன். கருகருவென்று, மழை பெய்த கரிசல் மண்ணின் மணத்தோடு இருந்தது. உழவர் ஒருவர் சிறிய சரக்கு வண்டியுடன் வந்திருந்தார். அங்குப் பணியாற்றிய அம்மையார் மூட்டைகளை எண்ணி, பதிவேட்டில் ‘உரம், 4 மூட்டை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்திட்டுவிட்டு, உழவர் கைப்பேசியை எடுத்து வீட்டாரிடம் பேசினார்.

“குப்பை கெடைச்சிட்டு. நாலு மூடை. ஏத்திட்டேன், வந்துக்கிட்டிருக்கேன்” என்றார்.